பழகிய கைக்குத் தெரியாத ஆட்டம்

உடையும் பொருள் தன் குறையை அன்றே நம்மிடம் சொல்லிவிடுகிறது. தேயும் பொருள் சொல்வதில்லை. கிணற்றுக் கயிறு அறுந்தால் வீடு முழுவதும் எழுந்து ஓடுகிறோம். அந்தக் கயிறு ஒவ்வொரு புரியாகத் தேய்ந்து வந்த ஆண்டுகளில் நம்மில் எவரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தக் கயிற்றின் நினைவு எனக்கு வருகிறது. எஞ்சின் நின்றால் வண்டி நகராது; ஆகவே எஞ்சினுக்கு வைத்தியம் உடனே நடந்துவிடுகிறது. சக்கரங்களை உடலோடு இணைத்து, குழியையும் மேட்டையும் தாங்கி, வண்டியை நேர்வழியில் நிறுத்தும் உறுப்புகளோ தேய்ந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுபவரின் கையும் அந்தத் தேய்மானத்தோடு சேர்ந்து தன்னை மாற்றிக்கொள்ளும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தொழிற்பயிலகம் ஒன்றில் மோட்டார் வாகனப் பிரிவில் பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையில் சொன்னவற்றை என் குடும்பத்து வண்டி ஒன்றிலேயே சோதித்துப் பார்க்கும் நிலை சென்ற ஆண்டு வந்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று எண்ணுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நம்மிடையே பலர். புதியது வாங்க வசதியின்றி வைத்திருப்பவர்களும் உண்டு. பாசத்தால் விட மனமின்றி வைத்திருப்பவர்களும் உண்டு.

அண்ணனின் வண்டி

என் அண்ணன் 1998-இல் ஒரு மாருதி 800 வாங்கினார். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சாலைகளில் அறிமுகமாகி, 2014-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை நடுத்தரக் குடும்பங்களின் முதல் வண்டியாக விளங்கிய அந்தச் சிறு வண்டியை இங்கே அறியாதவர் இல்லை. அண்ணன் வீட்டில் அது வண்டியாக மட்டும் இருக்கவில்லை. மகளின் திருமணம் பேசச் சென்றது அதில்தான். பேரப்பிள்ளைகள் மருத்துவமனையிலிருந்து முதன்முதலாக வீடு வந்ததும் அதில்தான். பதினைந்து ஆண்டுகள் முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் கட்டம் வந்த பிறகும், ஒவ்வொரு முறையும் முறைப்படி புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

பின்னர் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது. வலக்கை மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. வண்டியின் சாவி அவருடைய மகளின் கைக்குப் போயிற்று. நாகர்கோவிலிலிருந்து வள்ளியூரில் உள்ள ஒரு பள்ளிக்கு ஆசிரியப் பணிக்குச் சென்று வருபவள் அவள். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகளையும் அதே பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாலையில் திரும்பித் தந்தையை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வண்டி அவளுக்கு ஆடம்பரம் அன்று. நாள் நகர்வதற்கு இன்றியமையாத துணை.

ஒரு மாதம் ஓட்டிய பின் என்னிடம் வந்தாள்.

“சித்தப்பா, இந்த வண்டி நான் சொல்கிற பக்கம் போகவில்லை. நேராகப் பிடித்தாலும் மெல்ல மெல்ல ஒதுங்குகிறது. பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. அப்பாவிடம் கேட்டால், வண்டியில் ஒன்றும் இல்லை, உனக்குத்தான் இன்னும் கை பழகவில்லை என்கிறார்கள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதில் போகலாமா, கூடாதா?”

கேள்வி எளிமையானது, பதில் அப்படியன்று. ‘கூடாது’ என்றால் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டும். அண்ணனின் வலக்கையோடு அவருடைய வண்டியும் போயிற்று என்று ஆகிவிடும். ‘போகலாம்’ என்று சொன்னால், அந்தச் சொல்லின் மீது மூன்று உயிர்கள் நாள்தோறும் எழுபது கிலோமீட்டர் பயணம் செய்யும்.

காற்றா, வண்டியா?

நெருங்கியவர்கள் பலரும் அவளுக்கு ஒரே விளக்கத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்: “அது காற்று அம்மா!” அந்த விளக்கத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கிடையே புகுந்து வேகம் கொண்டு வெளிவரும் இடம் அது. முப்பந்தலைச் சுற்றிலும் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்கும் அதுவே காரணம். காவல்கிணற்றைத் தாண்டி வடக்கே பணகுடியை நோக்கித் திரும்பினால், மேற்கிலிருந்து வரும் காற்று வண்டியின் பக்கவாட்டில் அறையும். ஏறத்தாழ 650 கிலோ எடையும் 12 அங்குலச் சக்கரங்களும் கொண்ட ஒரு சிறு வண்டி அந்தக் காற்றில் அசைவது இயற்கையே.

ஆனால் காற்றுக்கும் தேய்மானத்துக்கும் வேறுபாடு காண வழி உண்டு. காற்று ஒரே திசையிலிருந்து தள்ளும். பேருந்து ஒன்று அதை மறைத்தால் வண்டி சட்டென்று மறுபுறம் நகரும். பேருந்தைக் கடந்தவுடன் மீண்டும் தள்ளப்படும். தேய்மானத்தால் வரும் அலைச்சல் காற்றுக்குக் கட்டுப்படாது. ஓட்டுபவரின் காலுக்குக் கட்டுப்படும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு புறமும், விடும்போது மறுபுறமும் வண்டி விலகும். சாலையின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். காற்று அடங்கியிருந்த ஒரு விடியற்காலையில் அவளை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் அமர்ந்தேன். மரக்கிளைகள் அசையாமல் நின்றன, வண்டி அலைந்தது. காலை எடுத்தபோதெல்லாம் அதன் மூக்கு சிறிது திரும்பிற்று. பிரேக்கை மிதித்தபோது தரைக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஓர் ஒலி வந்தது; அதன் பின்னரே வண்டி இடப்பக்கம் இழுத்தது. முதலில் ஒலி, பிறகு இழுப்பு. இந்த வரிசையை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

தாங்குவதும் பிடிப்பதும்

வண்டியின் சஸ்பென்ஷன் எனப்படும் அமைப்புக்கு மூன்று பணிகள் உண்டு. சுருள்வில் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அந்தச் சுருள்வில்லின் துள்ளலை அடக்குகிறது. பெயரைக் கேட்டு அதுவே அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதிர்ச்சியை வாங்குவது வில், வாங்கியதை அமைதிப்படுத்துவதே ஷாக் அப்சார்பரின் வேலை. மூன்றாவது பணி, சக்கரம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்து வைப்பது. ஆர்ம்களும் தண்டுகளும் பால் ஜாயிண்டுகளும் ரப்பர் புஷ்களும் இதனைச் செய்கின்றன.

முதல் இரண்டு பணிகள் கெட்டால் பயணம் சுகமற்றுப் போகும்; உடம்பு அதை உணர்ந்துவிடும். மூன்றாவது கெட்டால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. வண்டியின் திசைதான் கெடும். ‘குலுங்கவில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது’ என்ற முடிவு பல வீடுகளில் தவறிப்போவது இதனால்தான்.

மாருதி 800-இன் முன்புறத்தில் இருப்பது மக்ஃபர்சன் ஸ்ட்ரட் எனப்படும் அமைப்பு. ஏர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கும் இது, 1950-இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் வண்டிகளால் புகழ் பெற்றது. வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நின்று மேலே உடலோடு இணைகின்றன. கீழே ஒரே ஓர் ஆர்ம். உறுப்புகள் குறைவு, இடம் மிச்சம், செலவும் குறைவு. அதனாலேயே உலகெங்கும் சிறு வண்டிகள் இதை ஏற்றுக்கொண்டன. அம்பாசிடர் வண்டியின் முன்புறத்தில் முறுக்குத் தண்டுகளும், கிரீஸ் ஊட்டி ஊட்டி வளர்க்க வேண்டிய இணைப்புகளும் இருந்ததை அறிந்த பழைய ஓட்டுநர்களுக்கு இதன் எளிமை வியப்பாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் எளிமைக்கும் ஒரு விலை உண்டு. உறுப்புகள் குறையக் குறைய, ஒவ்வோர் உறுப்பின் மீதும் சுமத்தப்படும் பொறுப்பு கூடுகிறது. இந்த வண்டியில் இடமும் வலமும் உள்ள சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற தண்டுக்கு இரண்டு வேலைகள். வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பது ஒன்று. கீழ் ஆர்ம் முன்பின்னாக நகராமல் பிடித்துக்கொள்வது மற்றொன்று. அந்தப் பிடிப்பு முழுவதும் சில ரப்பர் புஷ்களை நம்பி நிற்கிறது. கையளவே உள்ள ரப்பர். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ரப்பர்.

தரையிலிருந்து தொடங்குதல்

நோய் எதுவென்று காணும்போது, விலையற்ற சோதனையிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் டயர். நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தை, வண்டி ஓடி உருளைகள் சூடேறும் முன்பே அளந்து கையேட்டில் சொல்லியபடி நிரப்பினோம். ஒரு டயரில் அழுத்தம் குறைந்திருந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பிறகு டயரின் பிறந்தநாளைப் பார்த்தோம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ‘2117’ என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 21-ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது என்று பொருள். அண்ணன் குறைவாகவே ஓட்டியதால் டயர்களின் பூ தேயவில்லை. ரப்பர்தான் இறுகி, பக்கங்களில் மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. பூ இருக்கிறது என்பதற்காக டயர் இளமையாக இருக்கிறது என்று பொருளாகாது.

டயரின் தேய்மானம் ஓர் ஏடு போன்றது. படிக்கத் தெரிந்தவருக்கு வண்டியின் வரலாற்றைச் சொல்லும். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வோ, சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கும் கோணமோ பிழைபட்டிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்கவில்லை, அல்லது சக்கரம் சமநிலையில் இல்லை. உள்ளங்கையைப் பூவின் மீது குறுக்காகத் தடவிப் பார்க்க வேண்டும். போகும்போது வழுவழுப்பாகவும் வரும்போது அரம்போல் சொரசொரப்பாகவும் இருந்தால், சக்கரம் உருளுவதோடு பக்கவாட்டில் இழுபட்டும் ஓடியிருக்கிறது. எங்கள் வண்டியின் இட முன்சக்கரத்தில் அந்தச் சொரசொரப்பு இருந்தது.

இழுபட்டுத் தேய்ந்த டயரைக் கண்டால் வீல் அலைன்மெண்ட் பார்ப்பதே அடுத்த படி. கடைக்கு எடுத்துச் சென்றோம். திரையில் எண்கள் வந்தன. அங்கிருந்த இளைஞர் பொறுமையாக இரண்டு முறை அளந்துவிட்டு, “கணக்கு எல்லாம் அளவுக்குள்ளேதான் இருக்கு சார்” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கருவி சரியாகச் சொல்லிற்று. ஓடும்போதும் பிரேக் மிதிக்கும்போதும் அது எங்கே போகிறது என்பதைச் சொல்வது அதன் வேலையன்று. நிற்கும்போது நேராக நிற்பவர் எல்லாரும் சுமை ஏறிய பின்னும் நேராக நிற்பார் என்று நாம் உறுதி சொல்வதில்லை அல்லவா? வண்டிக்கும் அதுவே பொருந்தும். கருவி சரி என்று சொல்லியும் வண்டி அலைந்தால், குறை கோணத்தில் இல்லை. அந்தக் கோணத்தைப் பிடித்து வைக்கும் உறுப்பில் இருக்கிறது. அன்று அந்தக் கடையில் எங்களுக்குக் கிடைத்த பயன் இதுவே.

பட்டறையில் ஒரு பிற்பகல்

எங்கள் தெருவுக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் நிதானமானவர். எதையும் கழற்றும் முன் பார்ப்பவர். அவரும் நானும் அண்ணன் மகளும் ஒரு பிற்பகல் முழுவதும் வண்டியோடு செலவிட்டோம்.

முதலில் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தோம். எழுந்து ஒரு முறை தணிந்து நின்றுவிட்டால் ஷாக் அப்சார்பரில் உயிர் இருக்கிறது. ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தால் அது செத்துவிட்டது. பின்புறம் வலப்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடிற்று. இந்தச் சோதனை முற்றிலும் செத்ததைக் காட்டுமே தவிர, பாதி தளர்ந்ததைக் காட்டாது. ஆகவே குழாய்களைத் துடைத்து எண்ணெய்க் கசிவையும் பார்த்தோம். இலேசான ஈரம் குற்றமன்று. எண்ணெய் வழிந்து தூசு படிந்து சேறாகியிருந்தால், உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டது என்று பொருள். பின்புற வலப்பக்கத்தில் சேறு இருந்தது.

அடுத்து முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கினோம். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. செங்கல்லையும் சிமெண்ட் கட்டியையும் முட்டுக் கொடுக்கக் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்புத் தாங்கிகளை வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே தலை உள்ளே போக வேண்டும்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் வீல் பேரிங்கிலிருந்தோ பால் ஜாயிண்டிலிருந்தோ வரலாம். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. உள்ளே ஒருவரை அமர்த்திப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்; நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட், அல்லது ஸ்ட்ரட்டின் தேய்மானம். சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராடு முனைகளின் நிலை. எங்களுக்கு இட டை ராடு முனையில் சிறிது ஆட்டம் தெரிந்தது. பால் ஜாயிண்டுகள் இறுக்கமாகவே இருந்தன.

பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லி, ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தொட்டுப் பார்த்தோம். அங்குள்ள பேரிங் வறண்டிருந்தால் சுருள்வில் முறுகி விடுபட்டு ‘டங்’ என்று துடிப்பதைக் கை உணரும். வளைவு முடிந்த பின் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பவும் செய்யாது. அந்தக் குறை எங்கள் வண்டியில் இல்லை.

எஞ்சியது அந்த ‘டொக்’ ஒலி. மெக்கானிக் தரையோடு தரையாகக் குனிந்து அமர்ந்துகொண்டு, அண்ணன் மகளை வண்டியை நடக்கும் வேகத்தில் நகர்த்திப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். அவள் மிதித்தாள். “இங்க பாருங்க சார்” என்று என்னை அழைத்தார். மீண்டும் மிதித்தாள். இட முன்சக்கரம் தன் வளைவுக்குள் பின்னோக்கி நகர்ந்ததை என் கண்ணால் கண்டேன். விரற்கடை அளவுகூட இராது; ஆயினும் கண்ணுக்குத் தெரிந்தது. வலச்சக்கரம் நகரவில்லை. வண்டியை மீண்டும் தாங்கிகளில் ஏற்றி, நெம்புகோலை வைத்து ஸ்டெபிலைசர் பாரின் இட முனையை அசைத்தபோது, புஷ் இருந்த இடத்தில் கருந்துகளாக ரப்பர் உதிர்ந்தது.

எல்லாம் அப்போது ஒன்றோடொன்று பொருந்தின. பிரேக் மிதித்தவுடன் சாலை சக்கரத்தைப் பின்னே தள்ளுகிறது. புஷ் தேய்ந்திருப்பதால் கீழ் ஆர்ம் இடைவெளியைத் தாண்டி இரும்பின் மீது மோதுகிறது, அதுவே ‘டொக்’. சக்கரம் பின்னே போனதும், அதை நேர்வழியில் திருப்பி வைக்கும் சாய்கோணம் இடப்பக்கம் குறைகிறது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. முதலில் ஒலி, பிறகு இழுப்பு என்ற வரிசைக்குக் காரணம் இதுதான். காலை எடுத்தாலும் அழுத்தினாலும் சக்கரம் இடம் மாறுவதால், நேர்சாலையிலும் வண்டி அலைகிறது.

இடப்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு தேய்ந்தது என்று அண்ணன் மகள் கேட்டாள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிரே பேருந்து வந்தால் இடச்சக்கரங்களே தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்கி ஏறுகின்றன. ஓரத்துப் பள்ளங்களும் மழைநீர் அரித்த குழிகளும் அவற்றுக்கே உரியவை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கெல்லாமோ வழிவிட்ட சக்கரம் அது.

இரும்பின் உடல்நிலை

புஷ்ஷை மாற்றலாம், அரிய பொருளன்று. ஆனால் அதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அந்தத் தண்டும் ஆர்மும் ஸ்ட்ரட்டின் மேல்முனையும் பொருந்தியிருக்கும் உடலின் தகடு எப்படி இருக்கிறது? கடலுக்கு அருகில் வாழும் வண்டிகளைத் துரு கீழிருந்து தின்னும். மேலே பளபளப்பான வண்ணம் இருக்க, உள்ளே தகடு அப்பளமாகி நிற்பதை எத்தனையோ வண்டிகளில் கண்டிருக்கிறேன். தேய்ந்த உறுப்புக்கு மாற்று உண்டு. உறுப்பைத் தாங்கும் தகடு போய்விட்டால், அதன் மேல் எந்தப் புதிய உறுப்பைப் பூட்டினாலும் ஏமாற்றுதான். அப்படியிருந்தால் ‘கூடாது’ என்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மெக்கானிக் சேற்றைக் கழுவி, திருப்புளியின் முனையால் ஒவ்வோர் இணைப்பிடத்தையும் அழுத்தியும் தட்டியும் பார்த்தார். அண்ணன் மகள் அருகில் நின்று ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலித்து முனையை உள்ளே விடும். மேல்தோலில் துரு இருந்தது. முனை எங்கும் உள்ளே போகவில்லை. கணீரென்ற அந்த ஒலி ஒவ்வொரு முறை எழுந்தபோதும் எனக்கு நெஞ்சு இலேசாயிற்று.

அண்ணனிடம் சொன்னது

அன்று இரவு அண்ணனிடம் சொன்னேன். தேய்ந்த புஷ்ஷை ஒரு தாளில் மடித்து எடுத்துச் சென்றிருந்தேன். இடக்கையால் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, எனக்கு ஒருநாளும் இழுக்கவில்லையே” என்றார்.

“நீங்கள் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பீர்கள் அண்ணா?” என்று கேட்டேன்.

காற்றில் கைகளை உயர்த்திக் காட்டினார். வலக்கை முழுதும் எழவில்லை. ஆனாலும் அந்த இரு கைகளும் தம்மையறியாமல் வலப்பக்கம் சற்றே திரும்பி நின்றன. பிரேக் மிதிப்பதுபோல் காலை ஊன்றியபோது, அவை இன்னும் சிறிது திரும்பின. அவரே அதைக் கண்டுகொண்டார். சிறிது நேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியானால் இத்தனை நாளும் நான்தான் அந்தப் புஷ்ஷாக இருந்திருக்கிறேன்” என்றார்.

அதைவிடத் துல்லியமாக எந்தப் பாடநூலும் சொல்லாது. வண்டி இழந்த பிடிப்பை அவருடைய கைகள் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுசெய்து வந்திருக்கின்றன. அந்தக் கைகள் விலகிய பிறகுதான் குறை வெளியே வந்தது. மகளுக்குக் கை பழகவில்லை என்பது உண்மையே. பழகாத கை என்பதாலேயே அது உண்மையை உணர்ந்தது.

மாற்றியதும் மாறியதும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது எளிது. எது காரணம் என்பது கடைசிவரை தெரியாமல் போவதோடு, பணமும் வீணாகும். ஆகவே ஒவ்வொன்றாகச் செய்தோம். முதலில் ஸ்டெபிலைசர் பாரின் புஷ்கள், இருபுறமும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக வைத்தால் வண்டி வேறொரு பக்கம் இழுக்கத் தொடங்கும். ஆர்மின் உட்புற ரப்பர் புஷ்களையும் சேர்த்தே மாற்றினோம். அவற்றின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் முழுவதும் முறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகே இறுதி முறுக்குக் கொடுத்தார். தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும், விரைவில் கிழியும். வாடிக்கையாளர் எவரும் பார்க்காத இந்தச் சிறு ஒழுங்கில்தான் ஒரு தொழிலாளியின் நேர்மை தெரிகிறது.

அதன் பிறகு ஓட்டிப் பார்த்தோம். ஒலி நின்றிருந்தது, இழுப்பும் பெரும்பகுதி நீங்கியிருந்தது. அடுத்து டை ராடு முனைகள். அடுத்து பின்புற ஷாக் அப்சார்பர்கள் இரண்டும். இறுதியில் டயர்கள். எல்லாம் முடிந்த பின்னரே மீண்டும் வீல் அலைன்மெண்ட். புஷ் மாறினால் கோணமும் மாறும் என்பதால் அது தவிர்க்க முடியாதது. அதே இளைஞர் அளந்து, சிறிது திருத்தி அனுப்பினார். இப்போது அந்த எண்கள் நிற்கும்போது மட்டுமன்றி, ஓடும்போதும் உண்மையாக இருந்தன.

ஒரு ஞாயிறு மாலை அண்ணனை முன்னால் இடப்பக்க இருக்கையில் அமர்த்தி, அவர் மகள் வண்டியைப் பணகுடி வரை ஓட்டினாள். பிள்ளைகளும் நானும் பின்னால் இருந்தோம். ஆடிக்காற்று அறைந்தது. வண்டி அசைந்தது, அசைந்து, தானாகவே தன் வழிக்குத் திரும்பிற்று. ஓரிடத்தில் ஆடு ஒன்று குறுக்கே வர, அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நேராக நின்றது. அண்ணனின் கைகள் மடியில் வலப்பக்கமாகச் சற்றே திரும்பி, மீண்டும் அமைந்தன. “நல்லா நிக்குது” என்று மட்டும் சொன்னார். போகலாமா, கூடாதா என்ற கேள்வியை அவள் அதன் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் வண்டியை, அதில் பழகாத, நன்கு ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருங்கள். எப்படி ஓட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ‘இந்த வண்டியை இப்படித்தான் பிடிக்க வேண்டும்’ என்று சொல்ல உங்களுக்கு நா எழும்பினால், அந்த இடத்தில்தான் ஏதோ தேய்ந்திருக்கிறது. வீடு திரும்பியதும் அவரிடம் என்ன உணர்ந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வது கசப்பாக இருந்தாலும், மறுநாள் காலை பட்டறைக்குச் செல்லுங்கள்.